ஒரு குவாட்டர்தான், சிஸ்டர்

மண்டபம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மேசை என்னுடையது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் கடல் தொழிலாளிகள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்கு அழுத்தம் 160க்குக் கீழே இறங்காது. உப்பைக் குறையுங்கள், கருவாட்டைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம். குடியும் அழுத்தத்தை ஏற்றும், ஆனால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூச்சில் வாடை அடித்தால்தான் அந்தப் பேச்சே வரும். வாடையோடு வருகிறவரை ஊருக்கே தெரியும். அவரைக் கண்டுபிடிக்க அரசாங்கம் எனக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை.

நான் தேடுவது வேறு ஆளை. சலவைச் சட்டையோடு வருவார், வீட்டில் சண்டை கிடையாது, பங்குப் பணத்தை மனைவி கையில் கொடுத்துவிடுவார். “குடிப்பீர்களா, அண்ணே?” என்றால், “சேச்சே, அதெல்லாம் இல்லை” என்பார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கணக்கில் குடிப்பவன் என்றால் ரோட்டில் விழுந்து கிடப்பவன். ஆகவே இப்போது நான் கேட்பது வேறு: “கடலிலிருந்து வந்த அன்று எவ்வளவு?” “ஒரு குவாட்டர்தான், சிஸ்டர். உடம்பு வலிக்கு.”

அந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தால் கவனிக்க வேண்டிய ஆள். அதில் ஓர் அளவு என்பது 10 கிராம் சாராயச் சத்து, அதாவது 30 மில்லி பிராந்தி. 180 மில்லி குவாட்டரில் இப்படி ஆறு அளவு அடங்கிவிடுகிறது. ராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் வாரம் மூன்று முறை கடலுக்குப் போகின்றன. கரைக்கு வரும்போதெல்லாம் ஒரு குவாட்டர் என்றால், வாரத்தில் மூன்று நாள் குடிப்பதற்கு 3, ஒரு வேளைக்கு ஆறு அளவு என்பதற்கு 2, ஒரே அமர்வில் ஆறு அளவை வாரந்தோறும் தொடுவதற்கு 3. முதல் மூன்று கேள்வியிலேயே 8 வந்துவிட்டது. கை நடுக்கம், வேலை கெடுவது, குற்ற உணர்ச்சி பற்றிய கேள்விகளுக்கு இன்னும் போகவே இல்லை!

இதை ஓர் அண்ணனிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அறிவுரை சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர், கூட்டலை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பா கோபமா தெரியவில்லை.

எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பாசி எடுக்கப் போகிற அக்காமார்களிடமும், ஜெபக்கூட்டத்துப் பெரியவரிடமும், குரலைத் தாழ்த்தாமல், “தூக்கம் எப்படி?” என்று கேட்கிற அதே தொனியில். சந்தேகப்பட்டவரிடம் மட்டும் கேட்டால் கேள்வியே அவமானமாகிவிடும். நேரம் இல்லை என்கிறார்கள். மூன்று கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். அழுத்தமானி காற்றை இறக்குகிற நேரம்.

கேட்டுவிட்டு என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகம் குடிக்கும் ஆண்களோடு சில அமர்வுகள் பேச வைத்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது: மூன்று மாதத்தில் ஆபத்தான அளவிலிருந்து இறங்கியவர்கள் பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம், கிடைக்காதவர்களில் 26. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரைச் செலவில்லாமல் கிடைத்த பத்து அது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் எனக்குக் கவலை. கையில் காசில்லாமல் சிலர் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்போ பிதற்றலோ வரலாம், உயிரே போகலாம். அதனால் காலையில் கை நடுங்குகிறது என்பவரிடம் “இன்றே விட்டுவிடுங்கள்” என்று நான் சொல்வதில்லை. டாக்டரிடம் காட்டி, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறோம். பஸ் ஏறுவது சிலர்தான். மனநல மருத்துவர் மாதத்தில் ஒரு நாளாவது மாத்திரை கொடுக்கும் நாளில் எங்கள் நிலையத்துக்கே வந்து உட்கார வேண்டும், அதுவும் தடைக்காலம் தொடங்கும் முன்பே. மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன்.