யார் சொல்லி வந்தீர்கள்?

2009ஆம் ஆண்டு வேலூரில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் அலுவலகப் பணிக்கு நடந்த நேர்முகத் தேர்வுக்காகக் குடியாத்தத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் சென்றேன். பி.காம். முடித்து, தட்டச்சில் ஹையர் தேறி, டேலியும் படித்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் சான்றிதழ்களைப் பிரிப்பதற்கு முன்பே, "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று கேட்டார். நாளிதழில் விளம்பரம் பார்த்து வந்ததாகச் சொன்னேன். ஐந்து நிமிடங்களில் வெளியே வந்துவிட்டேன். அந்த இடம் நிர்வாகியின் உறவுக்காரப் பெண்ணுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்டிருந்தது என்பதும், கோப்பில் காட்டுவதற்காகவே எங்கள் பதினான்கு பேரையும் வரவழைத்தார்கள் என்பதும் பிறகு தெரியவந்தன. பீடி சுற்றி என்னைப் படிக்கவைத்த அம்மா, அன்றைய பேருந்துச் செலவுக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியிருந்தார். வேலை இன்னொருவருக்குப் போனதைக் காட்டிலும், முடிந்துபோன ஒரு காரியத்துக்கு எங்களைச் சாட்சிகளாக நிறுத்திவைத்ததுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

அடுத்த ஆண்டு ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்த என் பெரியம்மா மகன் சொல்லிவைத்ததால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. இதை மறைத்துவிட்டுச் சிபாரிசைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல், காலணித் தொழிலில் வேலைக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் வாய்வழியாகத்தான். கம்பெனிப் பேருந்தில் போகும் அத்தை அண்ணன் மகளைக் கூட்டிவருவார். அந்தப் பெண் ஆறு மாதத்தில் தன் தெருத் தோழிகள் இருவரை அழைத்துவருவாள். வயதுப் பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் தகப்பன், தெரிந்தவர் ஒருவர் உடன் இருப்பதால் மட்டுமே சம்மதிக்கிறார். ஸ்டிச்சிங் பிரிவில் நான் பழகிய பெண்களில் பலர் இப்படி வந்தவர்கள்தான். அதனால் யாருடைய வாய்ப்பும் பறிபோகவில்லை. ஆள் தேவைப்படும் இடத்துக்கு ஆள் வந்தது, அவ்வளவே. சரக்கும் பணமும் கடனில் புழங்கும் தொழிலில் கல்லாவுக்குத் தன் குடும்பத்து ஆளை உட்காரவைக்கும் முதலாளியின் அச்சமும் எனக்குப் புரிகிறது.

ஆனால் இருப்பது ஒரே இடம், கேட்பவர்கள் நூறு பேர் என்னும்போது நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. அங்கே சிபாரிசு என்பது, உள்ளே ஒருவரும் இல்லாத குடும்பத்துப் பிள்ளையின் முகத்தில் சாத்தப்படும் கதவு. எங்கள் தெருவில் அலுவலகப் படியேறிய முதல் ஆள் நான்தான். அண்ணன் மட்டும் இல்லாதிருந்தால் எனக்காகச் சொல்ல யார் இருந்திருப்பார்கள்?

ஊரின் நிலக் கணக்கு எழுதும் கர்ணம், நிலவரி வசூலிக்கும் மணியக்காரர் ஆகிய பதவிகள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நேரில் கண்டவர்கள். அப்படிப்பட்ட கிராமப் பதவிகளை வாரிசுகளுக்கே உரியதாக்கிய 1895ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் பிரிவை, குண்டூர்ப் பகுதியிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அரசு வேலையில் வம்சாவளியைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாதென்று அரசியலமைப்பின் 16ஆம் கூறு சொல்வதே அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டில் பழைய கிராம அதிகாரிகளின் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980இல் ஒழித்தது. அது செல்லுமென்று உச்ச நீதிமன்றம் 1982இல் உறுதிசெய்தது. இன்று கிராம நிர்வாக அலுவலர் ஆவதற்கு டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 எழுத்துத் தேர்வு போதும். அதில் நேர்முகத் தேர்வே கிடையாது. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்க அங்கே ஒரு நாற்காலி இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. சென்ற தலைமுறையில் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரின் நில, பயிர்க் கணக்கான அடங்கலில் கையெழுத்திடுகிறார்கள்.

தனியார் நிறுவனங்களை அந்தக் கூறு கட்டுப்படுத்தாது. வேலையைச் சொந்தக்காரருக்கே கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டால் அப்படியே கொடுத்துவிடுங்கள். விளம்பரம் போட்டு, கடன் வாங்கி வரும் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைக்காதீர்கள் என்பதே நான் அவர்களிடம் கேட்டுக்கொள்வது.

இப்போது நானும் ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். சென்ற தை மாதம் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது அண்ணன் மகன் விண்ணப்பித்தான். பெரியம்மா தொலைபேசியில், "உனக்கு வாங்கிக் கொடுத்தவன் பிள்ளைம்மா" என்றார். விவரத்தை மேலாளரிடம் சொல்லி, அந்த ஒரு தேர்விலிருந்து விலகிக்கொண்டேன். விடைத்தாள்களைப் பெயரை மறைத்துத் திருத்தினார்கள். அவன் இரண்டாவதாக வந்தான். பேரணாம்பட்டுப் பெண்ணொருத்திக்கு வேலை கிடைத்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இந்த ஆண்டும் அவர் அழைக்காவிட்டாலும் போவேன்.