விறைப்புக்குத் தேவை தளர்வு

பாலுணர்வு எழுவதை 'முறுக்கேறுவது' என்றுதான் பேசிப் பழகியிருக்கிறோம். உள்ளே நடப்பது நேர்மாறு. ஆண்குறிக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுத் திசுக் குழல்கள் இருக்கின்றன. அவற்றின் தசை மற்ற நேரமெல்லாம் சுருங்கியே கிடக்கும். அது தளர்ந்தால்தான் விறைப்பு.

தண்டுவடத்தின் கீழ்க்கோடியிலிருந்து வரும் பாராசிம்பதெடிக் நரம்புகள் (உடம்பை நிதானப்படுத்தும் அணி) அங்கே நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடும். அதன் தூண்டலில் சிஜிஎம்பி என்ற பொருள் உருவாகி, தசையைத் தளர்த்தும். தமனி விரிந்து ரத்தம் பாயும். பஞ்சுத் திசு ஊதிப் பெருகும்போது, அதைச் சுற்றிய கெட்டியான உறையின்மீது சிரைகள் நசுங்கி, உள்ளே வந்த ரத்தம் திரும்ப வழியில்லாமல் நிற்கும். இந்த அடைப்பு சரியாக விழாவிட்டால், எழுந்தது நிலைக்காது.

சிஜிஎம்பியைச் சிதைக்க ஒரு நொதி உண்டு. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரை அந்த நொதியைத்தான் தடுக்கிறது. சிதைவதைத் தடுக்குமே தவிர, புதிதாக எதையும் உண்டாக்காது. அதனால்தான் கிளர்ச்சி இல்லாமல் மாத்திரை மட்டும் போட்டால் பலன் இருப்பதில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது; ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும்.

பெண்ணுடம்பிலும் இதே ஏற்பாடுதான். கிளிட்டோரிஸில் வெளியே தெரிவது நுனி மட்டும். அதே வகைப் பஞ்சுத் திசு இடுப்பெலும்பை ஒட்டி இரு கிளைகளாக உள்ளே போகிறது. யோனிச் சுவரில் சுரப்பிகள் கிடையாது. அங்கே ஊறும் ஈரத்தில் பெரும்பங்கு, ரத்தம் பெருகும்போது நாளங்களிலிருந்து கசியும் நீர். ஈரம் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் யோனியின் உட்பகுதி நீண்டு அகன்று, கருப்பை மேலெழ இன்னும் நேரம் வேண்டும். ஈரத்தைப் பார்த்ததும் அவசரப்பட்டால் கருப்பை வாயில் இடித்து வலிக்கும். இன்னொன்று: ஈரம் சம்மதம் ஆகாது. விருப்பமே இல்லாதபோதும் உடம்பு அனிச்சையாக அப்படி நடந்துகொள்ளும்.

பாலூட்டும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி வரும். நீர் சார்ந்த அல்லது சிலிகோன் உயவுப் பொருள் போதும். எண்ணெய் வேண்டாம், லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும்.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். தளர்ந்த தசை மறுபடி சுருங்கிவிடும். 'இன்று சரியாக வருமா' என்ற கவலையே அதற்குப் போதும். விறைப்பு தவறக் காரணம் மனமா ரத்த நாளமா என்று பார்க்க எளிய தடயம் ஒன்று உண்டு. கனவுத் தூக்கத்தில் தானாகவே இரவில் சில முறை விறைப்பு வரும். விடியற்காலை விறைப்பு வழக்கம்போல் இருந்து, உறவின்போது மட்டும் தவறினால், ரத்த நாளங்கள் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே மெல்ல மெல்லக் குறைந்தால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். குறிக்குப் போகும் தமனியின் விட்டம் 1–2 மி.மீ., இதயத் தமனியின் விட்டம் 3–4 மி.மீ. கொழுப்பு படிந்து வரும் அடைப்பு சிறிய தமனியில்தான் முதலில் தெரியும்.

உச்சத்தில் இடுப்புத்தளத் தசைகள் ஏறத்தாழ 0.8 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும். விந்து வெளியேறுவதைத் தொடங்கிவைப்பது, விறைப்பைத் தந்த பாராசிம்பதெடிக்குக்கு எதிர் அணியான சிம்பதெடிக் நரம்புகள். பஞ்சுத் தசையைத் திரும்பச் சுருக்கி ரத்தத்தை வடிய விடுவதும் அவைதான். வடியாமல் 4 மணி நேரம் தாண்டினால், தேங்கிய ரத்தத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்து திசு சாகத் தொடங்கும். வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.