தேம்பல்

அந்தக் குழந்தை அழுது முடித்திருந்தது.

பேருந்தில் எனக்கு முன் இருக்கை. அம்மாவின் தோளில் முகம். கண்ணீர் காய்ந்துவிட்டது, சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. இரண்டு மூன்று துண்டாக உடைந்து உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னத் தோள் தூக்கிப்போட்டது.

தேம்பல்!

மூன்று நாளாக ஒரு கதையில் இந்த இடத்தில்தான் நிற்கிறேன். 'மெல்ல அழுதாள்' என்று எழுதி, அடித்து, 'சத்தமில்லாமல் அழுதாள்' என்று மாற்றி, அதையும் அடித்து...

அழுது ஓய்ந்த பிறகும் விடாமல் வருகிற இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. விசும்பல் வேறு, அது அடக்கிக்கொண்டு அழுவது. சரியான வினைச்சொல் அகப்படாதபோதுதான் 'மெல்ல', 'மிகவும்' எல்லாம் முட்டுக்கொடுக்க வருகின்றன.

ஒன்றைக் கேட்பதற்கே தொல்காப்பியம் மூன்று சொல் பிரிக்கிறது. தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். யாருக்கு யார் எந்த இடத்தில் என்பது ஒரே வினையில் தெரிந்துவிடுகிறது. வசனம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

அதற்காக அகராதியைக் கவிழ்த்துக் கொட்டவும் வேண்டாம். 'இயம்பினான்', 'நவின்றான்' என்றெல்லாம் நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். 'சொன்னான்' போதும்.

சரி, இறங்கியதும் கைபேசியிலேயே அந்த வரியைத் திருத்தினேன். அழுகையை எடுத்துவிட்டேன். இப்போது அவள் கதவைத் திறக்கிறாள், பேச வாயெடுக்கிறாள், தேம்பல் குறுக்கே வருகிறது.