காய்ந்த வாதாம் இலை

பள்ளியில் நமக்கு சின்லோன் என்ற பர்மியப் பந்தாட்டம் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் போய்விட்டார். ரங்கூனிலிருந்து செய்தி நம்மை வந்து சேர்ந்தபோது அங்கே காரியமெல்லாம் முடிந்திருந்தது. பர்மாவிலிருந்து நாம் கப்பலேறி 60 ஆண்டு நிறைவதையொட்டி வரும் மலரில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. எல்லோரும் அவருடைய விசிலையும் வெள்ளை கான்வாஸ் சப்பாத்தையும்தான் நினைவுகூர்ந்தார்கள். நாலாம் மணி, வாதாம் மரத்தடி, சுண்ணாம்பு வட்டம் என்று சொன்னாலே உங்களுக்கு மற்றதெல்லாம் தெரியும். அதனால் அவற்றை விட்டுவிட்டு, அவர் சொல்லிக் கொடுத்த முறையை மட்டும் பிசகாமல் எழுதி வைக்கிறேன். நம் பேரன் பேத்திகளில் ஒருவர் படித்துவிட்டுப் பந்தை எடுத்தாலும் போதும்.

அந்தப் பிள்ளைகளுக்காகச் சில வரிகள். சின்லோன் என்பது பிரம்பைச் சீவிப் பின்னிய பந்து. ஆட்டத்துக்கும் அதே பெயர். உள்ளே காற்றுப்பை கிடையாது. சுற்றிலும் ஐந்து மூலை கொண்ட துளைகள் 12 இருக்கும். ஆறு பேர் வட்டமாக நிற்பார்கள். வட்டத்தின் குறுக்களவு 22 அடி. ஒருவர் நடுவில் நின்று வித்தை காட்டுவார், அவருக்கு மின்தா என்று பெயர், இளவரசன் என்று பொருள். மற்ற ஐவரும் நடந்துகொண்டே அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். கையால் தொடக்கூடாது. முன்பாதம், பாதத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், உள்ளங்கால், குதிகால், முழங்கால் என்று ஆறு இடங்களில் படலாம். பந்து தரையில் விழுந்தால் எடுத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். எதிரணி இல்லை, கோல் இல்லை, தோற்றவர் என்று யாரும் இல்லை. 1953-இல் விதிகள் எழுதி மதிப்பெண் போடும் போட்டியாகவும் ஆக்கினார்கள். 2013-இல் பர்மாவின் தலைநகர் நேப்பிடாவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியிலும் சேர்த்தார்கள். எனக்கு அது வேறு ஆட்டமாகவே படுகிறது. மண்டலேயில் மகாமுனி கோயிலில் வாஸோ என்ற பர்மிய மாதத்தில் மேளத்தோடு ஆடுவார்களே, அதுதான் மாஸ்டர் நமக்குக் காட்டிய சின்லோன்.

அவர் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: “சிரமப்பட்டு ஆயிரம் அடி அடிச்சா சிரமம்தான்பா பழகும்.” நன்றாகப் பழகிய பிறகு சுலபம் தானாக வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. முதல் அடியே சுலபமாக இருக்க வேண்டும், அதற்கேற்ற அளவுக்கு அடியைச் சிறியதாக்கு என்பார். அவருடைய முறை முழுவதும் இந்த ஒரு வார்த்தையிலிருந்து கிளைத்ததுதான்.

முதல் வாரம் பந்தே கிடையாது. ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், ஒரு காலுக்கு 60 எண்ணும் வரை. நிற்கும் முழங்கால் விறைக்காமல் சற்றே மடங்கியிருக்க வேண்டும். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் என்று மூன்று இடத்திலும் பாரம் சமமாக இறங்க வேண்டும். பந்தை அடிப்பது தூக்கிய கால் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் வேலை செய்வது நிற்கும் கால்தான். அது ஆடினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் தூக்கிய பாதம் கோணும், பந்து வட்டத்துக்கு வெளியே போகும். அங்கே போன பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவர்களை மாஸ்டர் திட்டியதில்லை. திரும்பி வந்ததும் மறுபடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்.

இரண்டாம் வாரம் ஒரே அடி. பந்தைக் கையிலிருந்து நழுவ விட்டு, பாதத்தின் உள்பக்கத்தால் ஒருமுறை மேலே அனுப்பிக் கையால் பிடிக்க வேண்டும். காலைத் தூக்கும்போது முழங்காலை வெளிப்பக்கமாகத் திறந்து, கணுக்காலுக்குக் கீழே உள்ள தட்டையான இடம் சாப்பாட்டுத் தட்டு போல வானம் பார்த்திருக்க வேண்டும். பந்து இடுப்பைத் தாண்டி முழங்கால் மட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுவார்கள். பந்து எங்கே விழுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் இடுப்பு உயரத்திலேயே சந்திக்கப் போவார்கள். அங்கே பாதம் தட்டையாக வராது, சரிந்தே இருக்கும். பந்து முன்னால் பறந்துவிடும். அதைச் சரிசெய்ய உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள், அடுத்த அடி இன்னும் மோசமாகும். பதற்றத்தில் எடுத்த ஒரு முடிவை மறைக்க அடுத்தடுத்து மூன்று முடிவுகள் எடுப்பது அங்கே தொடங்குகிறது.

உயரம் தலைமட்டம், அதற்கு மேல் வேண்டாம். முழங்காலிலிருந்து கிளம்பிய பந்து தலைவரை போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். ஒரு மூச்சு வெளியே விட்டு, காலைக் கீழே வைத்து, அடுத்ததற்கு நிமிர அது போதும். மூச்சைப் பந்து பாதத்தில் படும்போது விட வேண்டும், அடக்கக்கூடாது. பத்தில் எட்டுமுறை நிற்கும் பாதம் நகராமல் பிடித்தால்தான் இரண்டு அடிக்குப் போகலாம். இரண்டு அடியிலும் பத்தில் எட்டு வந்தால் மூன்று. வராத காலுக்கு, பெரும்பாலும் இடது காலுக்கு, இருமடங்கு. ஒரு நாளைக்கு 20 நிமிஷம், தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடிச் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் அனுமதிக்க மாட்டார். கற்றது தூக்கத்தில்தான் படியும், ஒரே நாளில் கொட்டினால் அதற்கு இடமில்லை என்பார்.

இனி வாதாம் இலை. மரத்தடியில் கிடக்கும் சருகில் இரண்டை எடுத்து, இரு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். இலை நொறுங்கினால் அன்றைக்குப் பந்தை நிறுத்தி, ஒரு படி கீழே இறங்கி மறுபடி தொடங்க வேண்டும். ஏன் என்று அப்போது அவர் விளக்கவில்லை. காரணம் எளியது. வேலை கடினம் என்று மனம் நினைத்த உடனே, மூட்டு ஒன்றை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் சேர்ந்தே இறுகிக்கொள்கின்றன. ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதில்தான் பாதி பலம் வீணாகிறது. அசைவும் வெட்டி வெட்டி வருகிறது. இந்த இறுக்கம் காலோடு நிற்காது. பல்லைக் கடிப்போம், தோள் ஏறும், விரல் மடங்கும். தொடையின் இறுக்கம் ஆடுபவருக்கே தெரியாது, விரலின் இறுக்கத்தை இலை உரக்கச் சொல்லிவிடும். விரலைத் தளர்த்தினால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் மூச்சு வரும், மூச்சு வந்தால் கால் வேலை செய்யும். இவ்வளவையும் இரண்டு சருகில் சொல்லித் தந்தவர் அவர்.

எண்ணிக்கை சொல்லி ஆடுவதையும் அவர் தடுத்தார். 48, 49 என்று எண்ணினால் 50 வரும்போது கவனம் பந்தை விட்டு எண்ணுக்குப் போய்விடும், அங்கேதான் பந்து விழும். எண்ணுவதற்குப் பதில் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். காய்ந்த பிரம்பு சரியான இடத்தில் பட்டால் ‘டக்’ என்று துண்டாக ஒலிக்கும். விரலில் பட்டால் சப்பென்று இருக்கும். மழைக்காலத்தில் பந்து ஈரம் குடித்துக் கனத்துவிடும், ஒலியும் மங்கும். அந்த நாட்களில் உயரத்தைக் குறைத்து, நடையை மெதுவாக்கி ஆட வேண்டும். காலை எப்படி வைத்தேன் என்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் கால் தடுமாறும். வெளியே இருக்கும் ஒலியிலோ, பந்தின் சுழற்சியிலோ கவனம் தங்கினால் கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மூன்று வகை அடிகள் தேறியபின் அவர் அவற்றைக் கலந்துவிடுவார். உள்பாதம், முழங்கால், வெளிப்பாதம், மறுபடி முழங்கால் என்று ஒவ்வொரு முறையும் வேறு வரிசை. ஒரே அடியை நூறுமுறை செய்தபோது இருந்த நேர்த்தி அன்று காணாமல் போய்விடும். பின்வாங்கிவிட்டோம் என்று வகுப்பே சோர்ந்துபோகும். அவர் கவலைப்பட்டதில்லை. கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினாலும், நாள் கழித்துச் சோதித்தால் முந்துகிறார்கள் என்பதை ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் காட்டினார்கள். மாஸ்டர் அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டு முன்பே சுண்ணாம்பு வட்டத்துக்குள் அதைச் செய்துகொண்டிருந்தார்.

வட்டத்தில் வெகுநேரம் பந்து விழாமல் ஓடும்போது ஒரு நிலை வரும். பேச்சு நிற்கும். அடுத்த பந்து யாருக்கு என்று யோசிக்காமலே உடம்பு திரும்பும். நேரம் போவது தெரியாது. பர்மியர்கள் அதைத் தியான நிலையோடு சேர்த்துப் பேசுவார்கள். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் இந்த நிலையைப் பல துறைகளில் ஆராய்ந்து, வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் ஏறக்குறைய ஒத்திருக்கும் இடத்தில்தான் அது வரும் என்றார். கடினம் மிஞ்சினால் பதற்றம், திறமை மிஞ்சினால் சலிப்பு. பத்தில் எட்டு என்று மாஸ்டர் வைத்த அளவு அந்த இடத்தில்தான் நம்மை நிறுத்தி வைத்தது. அந்த நிலையைத் தேடிப் போனால் வராது. வந்ததைக் கவனித்தாலும் போய்விடும். அடுத்திருப்பவருக்கு எளிதாக எடுக்கும்படி பந்தைக் கொடு என்று மட்டும் அவர் சொல்வார். கொடுப்பவரின் கவனம் வாங்குபவரின் காலில் இருக்கும்போது தன்னைப் பற்றிய நினைப்புக்கு இடமில்லை.

1964-இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போய், குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. வியாசர்பாடி, பர்மா பஜார், மணிப்பூரில் மோரே என்று சிதறினோம். கையில் ஒன்றுமில்லாமல் புதிய தொழில் பழக வேண்டியிருந்த அந்த ஆண்டுகளில், வாதாம் இலை நம்மில் பலரிடம் வேறு உருவில் இருந்தது. டைப்ரைட்டிங் பழகியவர்களுக்குத் தெரியும், வேகத்துக்குப் பாய்ந்தால் விசைக்கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கும்; தவறில்லாத வேகத்தில் ஒரே தாளமாக அடித்து, சிறிது சிறிதாக ஏற்றினால் விரல் தானே ஓடும். வண்டி ஓட்டப் பழகினாலும் இதேதான், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தவர் வளைவில் தாமதமாகத் திரும்புவார். புதிய வேலை எதுவானாலும் செய்ய முடிந்த அளவுக்குச் சிறியதாக வெட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, களைப்பு வருமுன் நிறுத்து. அவர் சொன்ன இந்த மூன்றும் கடனில் தொடங்கிய எத்தனையோ கடைகளைக் காப்பாற்றியிருக்கின்றன.

மாஸ்டர் கப்பலேறவில்லை. பள்ளி கைமாறிய பிறகும் அதே தெருவில், பர்மியப் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். கடிதம் எழுதியவர்கள் நம்மில் மிகச் சிலர்.

ஒன்பதாம் வகுப்புக்கென்று ஓர் அடியை அவர் வைத்திருந்தார். பந்து முதுகுக்குப் பின்னால் இறங்கும், கண்ணால் பார்க்க முடியாது. நிற்கும் முழங்காலை நன்றாக மடக்கி, மற்றக் காலைப் பின்னால் மடித்து, உள்ளங்கால் வானம் பார்க்க ஏந்த வேண்டும். கடைசியாகப் பார்த்த சுழற்சியை வைத்து, எங்கே எப்போது வரும் என்று உடம்பே அறிய வேண்டும். திரும்பிப் பார்த்தால் தோளோடு இடுப்பும் திரும்பி, பாதம் இடம் மாறிவிடும். எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடியட்டும், தொடங்கலாம் என்றார். அந்த ஆண்டு நடுவிலேயே நம் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாகிவிட்டன. மீதியிருந்தவர்களை வைத்து வட்டத்துக்கு ஆறு பேர் சேரவில்லை.