பெயரில் மட்டும் புதுக்காடு

நேற்று முழுக்க இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்டில் சுற்றினோம். பெயர்தான் புதுசு, 1079 வாக்கில் மன்னர் முதலாம் வில்லியம் தன் வேட்டைக்காக வளைத்துப்போட்ட காடு இது. அவர் மகன் இரண்டாம் வில்லியம் 1100-இல் இங்கேயே வேட்டையின்போது அம்பு பட்டுச் செத்தார். இடம் இதுதான் என்று ஒரு கல் வைத்திருக்கிறார்கள், நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம்.

எனக்குப் பிடித்தது குதிரைகள்தான். லிண்ட்ஹர்ஸ்ட் தாண்டியதும் ஒன்று நடுரோட்டில் நின்றது, பின்னால் கார்கள் வரிசை கட்ட, அது பாட்டுக்குக் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. காட்டுக்குதிரை என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. வால் முடியைப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்தார்கள். மேய்ச்சல் கட்டணம் கட்டியாச்சு, இன்ன பகுதிக் குதிரை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அப்புறம் பன்றிகள்! ஓக் மரத்தடியெல்லாம் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கின்றன, அந்தப் பச்சைக் கொட்டைகளைக் குதிரையும் மாடும் அதிகம் தின்றால் விஷம், அதனால் இலையுதிர் காலத்தில் பன்றிகளை அவிழ்த்துவிட்டுத் தின்னவைக்கிறார்கள், நூற்றாண்டுகளாக இதே ஏற்பாடு. ஒரு தடித்த பன்றி நறுக் நறுக்கென்று மென்றுகொண்டே வந்து, என் பையை ஒருமுறை மோந்து பார்த்து, பிடிக்காமல் திரும்பிப் போனது.