மாஸ்டர் சொன்ன படம்

எங்கள் ஆங்கில மாஸ்டர் இளமையில் மலாயாவில் இருந்தவர். ஊருக்குத் திரும்பி எங்கள் கல்லூரியில் படிப்பிக்கத் தொடங்கியபோது, அங்கே பார்த்த ஆங்கிலப் படங்களையும் நினைவிலே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் அவருடையது. இலக்கணப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார், கொஞ்ச நேரத்தில் அவரே அதை மூடிவிடுவார். பிறகு படம்தான்.

அவர் சொன்ன படங்களில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியது 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்'. 1934இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ஃபிராங்க் காப்ரா எடுத்தது. கிளார்க் கேபிளும் க்ளோடெட் கோல்பேரும் நடித்தது. இந்தப் பெயர்களை எல்லாம் நான் பின்னாளில்தான் சரியாக அறிந்துகொண்டேன். மாஸ்டருக்கு அவர்கள் "அந்த மீசைக்காரன்", "அந்தப் பெட்டை", அவ்வளவுதான்.

கதை இதுதான். பெரும் பணக்காரரின் மகள் எல்லி. அவள் ஒரு விமானமோட்டியை அவசரமாகக் கலியாணம் கட்டிக்கொள்கிறாள். தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. மயாமியில் தன் உல்லாசப் படகிலே மகளை அடைத்து வைக்கிறார். அவளோ கடலில் குதித்து நீந்தித் தப்பி, நியூயோர்க்குக்கு இரவு பஸ் ஏறுகிறாள். அதே பஸ்ஸில் வேலை போன பத்திரிகைக்காரன் பீற்றர். தேடப்படும் பெண் இவள்தான் என்று கண்டுகொண்டவன், "உன் கதையை எனக்குத் தா, உன்னைப் புருஷனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று பேரம் பேசுகிறான். பிறகென்ன, வழி நெடுகச் சண்டை. டோனட்டைக் கோப்பியில் எப்படி நனைக்க வேண்டும் என்பதற்குக்கூட அவன் அவளுக்குப் பாடம் எடுப்பான். மாஸ்டர் அதைத் தேத்தண்ணியும் பாணுமாக மாற்றிச் சொன்னார் என்பது பிறகு படத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மழை பெய்து பாதை தடைப்பட, இருவரும் ஓர் அறையில் தங்க வேண்டி வரும் இடத்தில் மாஸ்டர் குரலைத் தாழ்த்துவார். இரண்டு கட்டில். நடுவில் ஒரு கயிறு, கயிற்றின் மேல் ஒரு போர்வை. "இது எரிகோ மதில்" என்கிறான் பீற்றர். பைபிளில் எக்காளம் ஊதி எரிகோ நகரத்து மதிலை விழுத்திய யோசுவாவைப் போல ஊதி விழுத்தத் தன்னிடம் எக்காளம் இல்லை, ஆகவே பயப்படாமல் படுக்கலாம் என்கிறான். மிஷன் பள்ளிக்கூடம் என்பதால் விபூதி பூசிக்கொண்டு வந்த எங்களுக்கும் எரிகோ தெரியும். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மறுநாள் துப்பறிவாளர்கள் கதவைத் தட்ட, இரண்டு பேரும் நொடியில் புருஷன் பெண்சாதியாக மாறி அடிபிடிச் சண்டை போடுவார்கள். வந்தவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போவார்கள். இந்த இடத்தை மாஸ்டர் இரண்டு குரலில் நடித்துக் காட்டுவார். ஆங்கிலத்தில் வேகமாகச் சண்டை பிடிக்கலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கையில் காசு முடிந்து தெருவில் கார் மறிக்கும் காட்சி ஒன்று வரும். பெருவிரல் வித்தை எல்லாம் காட்டிப் பார்க்கிறான் பீற்றர், ஒரு காரும் நிற்கவில்லை. "பிறகு அவள் ஒரு உபாயம் செய்தாள். கார் நின்றுவிட்டது" என்று மாஸ்டர் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுவார்.

"என்ன உபாயம் சேர்?"

"வளர்ந்தாப் பிறகு பாருங்கோ."

வளர்ந்து, ரொறன்ரோ வந்து, பொது நூலகத்தில் டிவிடி எடுத்துப் பார்த்தேன். அவள் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் காலைக் காட்டுகிறாள், அவ்வளவுதான்! மாஸ்டரைக் குறை சொல்லவும் முடியாது. கோல்பேரே முதலில் அந்தக் காட்சிக்கு மறுத்தவர். காப்ரா வேறொரு பெண்ணின் காலைப் படம் பிடிக்க ஏற்பாடு செய்ததும், "அது என் கால் இல்லை" என்று ரோசப்பட்டுத் தானே நடித்தாராம்.

ஆனால் எங்கள் வகுப்பு உண்மையில் இடறி விழுந்த இடம் வேறு. எல்லியைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு 10,000 டொலர் என்று தகப்பன் அறிவித்திருக்கிறார். பீற்றர் அவரிடம் வந்து அதைத் தொடவே மாட்டேன் என்கிறான். தான் செலவழித்த 39 டொலர் 60 சதம் மட்டும் வேண்டுமாம். மாஸ்டர் இதைச் சொன்னதும் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்: "சேர், அப்ப சீதனமும் வேண்டாமாமோ?" மாஸ்டருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. படத்தில் பீற்றர் கணக்கை ஒவ்வொன்றாக வாசிக்கிறான்: கைச்செலவு 8.60, மேலங்கி 15, பெட்டி 7.50, தொப்பி 4, மூன்று சேட் 4.50. நான் படத்தை நிறுத்திவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

அதைவிட நம்ப முடியாமல் இருந்தது தகப்பன்தான். அந்த விமானமோட்டியோடு மறுபடி ஊரைக் கூட்டிக் கலியாணம் நடக்கிறது. மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போதே, "பீற்றர் நல்லவன், வாசலில் கார் நிற்கிறது, ஓடு" என்று காதுக்குள் சொல்லுகிறார். மகள் கடலில் குதித்ததை நாங்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். இந்தத் தகப்பனைத்தான் ஒருவரும் நம்பவில்லை. "அப்பிடி ஒரு அப்பர் எந்த ஊரில் சேர்?" என்று கேட்டவனுக்கு இப்போது மூன்று பெண்பிள்ளைகள். என்னைக் கேட்டால் வால்டர் கொனலி நடித்த அந்த அப்பாவுக்காகவே இந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். மாப்பிள்ளை குட்டி விமானத்தில் வந்து இறங்குவதெல்லாம் சும்மா இழுவை.

படம் சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து பெரிய ஒஸ்கார்களையும் ஒன்றாக வாரியது. அதற்கு முன் எந்தப் படமும் அப்படி வாங்கியதில்லை. கோல்பேருக்கோ படத்தில் நம்பிக்கையே இருக்கவில்லை. வழமையான சம்பளத்தின் இரண்டு மடங்காக 50,000 டொலரும், நாலு கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்துத்தான் சம்மதித்தார். விருதன்று ரயிலேறப் போனவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பயண உடுப்போடு மேடையேறினார்.

இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையில் 'ஆஜா சனம்' கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இன்னொரு செய்தி. அந்தப் பாட்டு வந்த 'சோரி சோரி' (1956) இதே கதைதான். ராஜ் கபூர், நர்கிஸ் நடிக்க, சென்னை ஏ.வி.எம். தயாரித்தது.

மாஸ்டர் சொன்ன படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு விளையாட்டு எக்காளம் ஊதும் சத்தம் கேட்கும், போர்வை கீழே விழும், விளக்கு அணையும். எனக்கு நினைவிருக்கும் வரையில் மாஸ்டர் அந்த இடத்தில் "பிறகு கலியாணம், சுபம்" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லண்டனில் இருக்கும் என் வகுப்புத் தோழன், மாஸ்டர் இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து எக்காளம் ஊதியே காட்டினார் என்று அடித்துச் சொல்கிறான். அந்த வகுப்பில் இருந்த வேறு யாராவது இதை வாசித்தால், எது சரி என்று இந்த மலரை வெளியிடும் குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.