ரோல்பேக் பிளான் எங்கே?

ஐ.டி. சேவைகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் வழிகாட்டி ஐ.டி.ஐ.எல். (ITIL). அதன் நாலாம் பதிப்பு வெளிவந்தது 2019 பிப்ரவரியில். எங்கள் டீமுக்கு அது வந்து சேர்ந்தது ஒரு ஆடிட்டர் வந்து போன பிறகு. "நீங்க இன்னும் வி3-லதான் இருக்கீங்களா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மேனேஜருக்கு முகமே மாறிவிட்டது. அடுத்த வாரம் எல்லாரும் ட்ரெயினிங்கில்.

ட்ரெயினர் நல்ல மனுஷன். "இந்தத் தடவை எல்லாமே சிம்பிள்" என்று ஆரம்பித்தார். வி3-ல் 26 ப்ராசஸ். இதில் 34 பிராக்டிஸ். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார், சிம்பிள்னா குறையணுமே?" என்றார். ட்ரெயினர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். (அவர் பக்கமும் நியாயம் உண்டு. பிராக்டிஸ் என்றால் வெறும் ப்ராசஸ் இல்லை. ஆள், டூல், வெண்டர் எல்லாம் சேர்ந்தது. 34-ஐயும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. ஆனால் மத்தியானத் தூக்கத்தில் அதெல்லாம் யார் காதில் ஏறும்?)

ட்ரெயினிங் முடிந்த கையோடு, டாக்குமென்ட்டில் ப்ராசஸ் என்று இருப்பதையெல்லாம் பிராக்டிஸ் ஆக்கும்படி உத்தரவு. ஒரு புண்ணியவான் ஷேர்டு ஃபோல்டர் மொத்தத்துக்கும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டுவிட்டார். சர்வர் லிஸ்ட்டில் சர்வருக்கு இரண்டு 'பிராக்டிஸார்' முளைத்தன. நைட் ஷிப்ட் ரன்புக்கில், "ஹேங் ஆன பிராக்டிஸை உடனே கில் செய்யவும்." நைட் ஷிப்ட்காரர்கள் அதை மட்டும் பிரின்ட் எடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

புதுப் பதிப்பில் ஏழு வழிகாட்டும் கொள்கைகள். அதில் ஒன்று, இருக்கிற இடத்திலிருந்தே தொடங்கு என்பது. சரி, எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பார்க்கப் பழைய டாக்குமென்ட்டைத் தோண்டினோம். கடைசியாக அதைத் திருத்தியவர் வேலையை விட்டுப் போய் யுகமாகிறது. வி3 வந்த 2007-லேயே சர்வீஸ் ரிக்வெஸ்ட்டை (யூசர் கேட்கும் வழக்கமான உதவி) இன்சிடென்ட்டிலிருந்து (கோளாறு) தனியாகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் டூலிலோ பாஸ்வேர்டு ரீசெட் இன்னும் இன்சிடென்ட்தான். மூடுவதற்கு முன் ரூட் காஸ் எழுதியே ஆகவேண்டும். "யூசர் மறந்துவிட்டார்", "யூசர் மீண்டும் மறந்துவிட்டார்" என்று பக்கம் பக்கமாகக் கிடந்தது.

ஆக, நாங்கள் இத்தனை காலமும் வி2-ல்தான் இருந்திருக்கிறோம். வி3 வந்து போனதற்கு ஒரே சாட்சி, சுவரில் தொங்கிய அந்த ஐந்து கட்ட லைஃப்சைக்கிள் போஸ்டர்.

அடுத்தது சேஞ்ச் ஃபார்ம். எல்லா மாற்றத்தையும் ஒரே கமிட்டி முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், ரிஸ்க்கைப் பார்த்து அந்த வேலை தெரிந்தவரிடமே அப்ரூவலைக் கொடு என்கிறது புதுப் பதிப்பு. அதற்கு டூலில் ஃபார்மைத் திருத்த வேண்டும். டூலைத் திருத்துவதும் ஒரு சேஞ்ச். சேஞ்ச் என்றால் கேப் (CAB, மாற்றங்களை அப்ரூவ் செய்யும் அந்தக் கமிட்டி) மீட்டிங். கேப்பின் அதிகாரத்தைக் குறைக்க கேப்பிடமே கையெழுத்து வாங்கப் போனேன்.

"இம்பாக்ட் என்ன?"

"இனிமே பாதி சேஞ்ச் உங்ககிட்ட வராது சார்."

"அது ஹை ஆச்சே! லோன்னு போட்டிருக்கீங்க?"

டேட்டாபேஸ் சீனியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ரோல்பேக் பிளான் எங்கே?" என்றார். பழைய பதிப்புக்கே திரும்புவது என்று எழுதியிருந்ததைக் காட்டினேன்.

"எந்தப் பழசு? வி3-யா, வி2-வா?"

கேள்வியில் தப்பே இல்லை. ரிஜெக்ட்.

அது கடைசியில் அப்ரூவ் ஆனதற்கு ட்ரெயினிங்கும் காரணமில்லை, கொள்கையும் காரணமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எஸ்.எஸ்.எல். சர்டிபிகேட் (வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்று) காலாவதியாகி கஸ்டமர் போர்ட்டல் படுத்துவிட்டது. புதுப்பிக்கும் டிக்கெட் அதற்கு முன்பே போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை கேப்புக்காக சமர்த்தாக வரிசையில் உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை காலையில், அடிக்கடி செய்கிற, ரிஸ்க் குறைந்த வேலைகளை ஸ்டாண்டர்டு சேஞ்ச் (முன்கூட்டியே அப்ரூவல் பெற்ற மாற்றம்) பட்டியலில் போடலாம் என்று மேலிடத்திலிருந்து மெயில். ஸ்டாண்டர்டு சேஞ்ச் ஒன்றும் நாலாம் பதிப்பின் கண்டுபிடிப்பு இல்லை, முந்தைய பதிப்புகளிலும் இருந்ததுதான். எங்கள் போஸ்டரில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சர்டிபிகேட்டை ஒரு ஜூனியர் பெண் காலையில் வந்ததும் மாற்றிவிட்டு, டிக்கெட்டை மூடிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள். முதல் தடவை அப்படி நடந்த வாரம், கேப் அஜெண்டாவில் ஒரே ஒரு வரி. டேட்டாபேஸ் சீனியர் ஸ்க்ரீனை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"அப்போ நான் எதைத்தான் ரிஜெக்ட் பண்றது?"

"சார், கோளாறுகளுக்கு மூலகாரணம் தேடுற ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிராக்டிஸுக்கு இன்னும் ஓனர் இல்ல. எடுத்துக்கிறீங்களா?" என்றார் சேஞ்ச் மேனேஜர்.

சீனியரின் மைக் மியூட்டுக்குப் போய்விட்டது.